எலி ஒரு பொருளை 'முன்பே பார்த்தது' என்று அறிவது மூளையின் எந்தப் பகுதியால்?

மொரீஷியஸின் ரெதுவியில் உள்ள பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது: "எலிக்கு ஒரு பொருளை முன்பே பார்த்த நினைவு இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்? எங்கள் பாடக் குறிப்பில் நினைவு என்றாலே ஹிப்போகாம்பஸ் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அது சரிதானா? எலியில் கண்டறிந்தது மனிதருக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்?"

அந்த ஒரு வரி முழுத் தவறு அல்ல. ஆனால் அடையாளம் காணும் நினைவைப் பொறுத்தவரை அது முக்கியமான பகுதியை விட்டுவிடுகிறது. ஒரு பொருள் பழையதா புதியதா என்று பிரித்தறிய எலிக்கு முதலில் வேண்டியது மூளையின் உட்புறத்தில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் அன்று. அதற்கு அண்டையில், மூளையின் பக்கவாட்டில் ஓடும் ரைனல் பள்ளத்தை ஒட்டி அமைந்த பெரிரைனல் புறணி என்னும் மெல்லிய பட்டையே. அந்தப் பொருள் எங்கே இருந்தது, எதற்கு முன் வந்தது, எந்தச் சூழலில் காணப்பட்டது என்று கேள்வி விரியும்போதுதான் ஹிப்போகாம்பஸ் இன்றியமையாததாகிறது. இந்தப் பிரிவினை எப்படி நிறுவப்பட்டது, அதில் எங்கே இன்னும் சர்ச்சை இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அடையாளம் காண்பதிலேயே இரண்டு தனி அனுபவங்கள் கலந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் ஒரு முகத்தைப் பார்க்கிறீர்கள். தெரிந்த முகம் என்பதில் ஐயமே இல்லை, ஆனால் யார், எங்கே பார்த்தோம் என்பது எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை. சற்று நேரம் கழித்து, அவர் காத்ர் போர்ன் சந்தையில் காய்கறி விற்பவர் என்பதும், போன வாரம் அவரிடம் சுரைக்காய் வாங்கியதும் நினைவுக்கு வருகின்றன. முதலில் வந்தது பரிச்சய உணர்வு, பின்னால் வந்தது நிகழ்ச்சியோடு சேர்ந்த நினைவுகூரல். இவை இரண்டும் ஒரே ஆற்றலின் வலுக்குறைந்த, வலுமிகுந்த நிலைகளா அல்லது மூளையின் வெவ்வேறு பகுதிகள் செய்யும் வெவ்வேறு வேலைகளா என்பதுதான் இந்தத் துறையின் நடுநாயகமான கேள்வி. 1999-இல் ஆக்லட்டன், பிரவுன் ஆகிய இருவரும் இவை வெவ்வேறு வேலைகள் என்றும், பரிச்சயம் பெரிரைனல் புறணியைச் சார்ந்தது என்றும், நினைவுகூரல் ஹிப்போகாம்பஸைச் சார்ந்தது என்றும் முன்வைத்தார்கள். எலிகளில் நடந்த பெரும்பாலான சோதனைகளை இந்தக் கருத்தை ஆதரிப்பவை, எதிர்ப்பவை என்றே வகைப்படுத்திவிடலாம்.

எலியிடம் கேட்டுப் பதில் வாங்க முடியாது. ஆகவே அதன் இயல்பான ஆர்வத்தையே கேள்வியாக மாற்றிக்கொள்கிறார்கள். 1988-இல் பிரான்சில் எனாசர், டெலகூர் ஆகிய இருவரும் வெளியிட்ட முறை மிக எளியது. உணவு வெகுமதியும் இல்லை, நாள்கணக்கான பயிற்சியும் இல்லை. முன்னரே பழகிய வெற்றுப் பெட்டியில் ஒரே மாதிரியான இரண்டு பொருள்களை வைத்து எலியைச் சில நிமிடங்கள் உலவ விடுகிறார்கள். பிறகு அதைக் கூண்டுக்குத் திருப்பி, ஐந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ ஒரு நாளோ இடைவெளி விட்டு, அதே பெட்டியில் பழைய பொருள் ஒன்றையும் புதிய பொருள் ஒன்றையும் வைக்கிறார்கள். நினைவு இருந்தால் எலி புதியதையே கூடுதல் நேரம் ஆராயும்.

கேட்க எளிதாக இருந்தாலும், செய்யும்போது கவனிக்க வேண்டியவை பல. எலி தள்ளி விழுத்தாதபடி பொருள்கள் கனமாகவோ தரையில் ஒட்டப்பட்டோ இருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் வைக்கும் 'பழைய' பொருள் முன்பு முகர்ந்த அதே பொருளாக இருக்கக் கூடாது. அதன் அச்சு அசலான மூன்றாம் பிரதியாக இருக்க வேண்டும், இல்லையேல் எலி தன் சொந்த வாசனையைத்தான் அடையாளம் காண்கிறது என்று ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் பொருள்களையும் பெட்டியையும் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைப்பார்கள். மூக்கு பொருளை நோக்கித் திரும்பி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்து முகர்ந்தால் மட்டுமே அது ஆராய்வதாகக் கணக்கு. பொருளின் மேல் ஏறி உட்கார்ந்து கூரையைப் பார்க்கும் நேரம் கணக்கில் வராது. கடைசியில் புதியதை ஆராய்ந்த நேரத்திலிருந்து பழையதை ஆராய்ந்த நேரத்தைக் கழித்து, மொத்த நேரத்தால் வகுக்கிறார்கள். புதியதில் 30 விநாடி, பழையதில் 15 விநாடி என்றால் விடை 0.33. இரண்டிலும் சமநேரம் என்றால் பூஜ்யம்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நம் தீவின் கரும்புத் தோட்டங்களில் எலிப்பொறி வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், புதிதாக வைத்த பொறியை எலி சில நாட்கள் சுற்றிப் போகுமே தவிர நெருங்காது. பழகிய இடத்தில் புதிய பொருளைக் கண்டால் காட்டு எலி ஒதுங்கும் என்பதை பார்னெட் என்ற ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த எலியோ புதியதை நாடிச் செல்கிறது. ஒன்று விலகுகிறது, மற்றது நெருங்குகிறது. ஆனால் இரண்டுமே 'இது இங்கே இருந்ததில்லை' என்று அறிந்துகொண்டுதான் அப்படி நடக்கின்றன. ஆகவே ஓர் எலி புதியதையும் பழையதையும் சமமாக ஆராய்ந்தது என்பதால் மட்டும் அதற்கு நினைவு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆர்வம் குறைந்திருக்கலாம், அச்சம் கூடியிருக்கலாம். இதை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம் என்பது என் கருத்து.

இனி ஹிப்போகாம்பஸுக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கருக்குக் கடும் வலிப்பு நோயைத் தணிக்க 1953-இல் மூளையின் இரு பக்கத்திலும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே அமைந்த பொட்டு மடல்களின் உட்பகுதியை அறுத்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. அறுவை மருத்துவர் ஸ்கோவில், உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஆகியோர் 1957-இல் இதை வெளியிட்டபோது கண்கள் எல்லாம் ஹிப்போகாம்பஸின் மேல் விழுந்தன. பின்னர் 1978-இல் மிஷ்கின், மக்காக் குரங்குகளில் (நம் தீவின் காடுகளில் திரியும் நீண்ட வால் குரங்கும் மக்காக் வகையைச் சேர்ந்ததே) ஹிப்போகாம்பஸையும் அதன் அருகே உள்ள, உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவையும் சேர்த்து நீக்கினால் பொருளை அடையாளம் காணும் ஆற்றல் பெரிதும் குலைகிறது என்று காட்டினார். விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் அந்த இரண்டு உறுப்புகளையும் கத்தியால் எட்ட வேண்டுமானால் அவற்றுக்குக் கீழே படிந்திருக்கும் புறணிப் பட்டையும் சேதமாகும். 1989 முதல் 1993 வரை வெளிவந்த ஆய்வுகள், அந்தப் புறணியை மட்டும் நீக்கினாலே குரங்குகள் கடுமையாகத் தடுமாறுகின்றன என்று காட்டின. 1998-இல் மரே, மிஷ்கின் ஆகிய இருவரும் அந்தப் புறணியைத் தொடாமல், நரம்பணுக்களை மட்டும் கொல்லும் வேதிப்பொருளைச் செலுத்தி ஹிப்போகாம்பஸையும் அமிக்டலாவையும் அழித்தார்கள்; அந்தக் குரங்குகள் பொருள்களை நன்றாகவே அடையாளம் கண்டன. இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் வெளியிட்ட முடிவைத் தம் கையாலேயே திருத்தியவர் மிஷ்கின். அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று. எலிகளிலும் இதற்கிடையே, 1994-இல், மம்பி, பினெல் ஆகியோர் பெரிரைனல் புறணியும் அடங்கிய ரைனல் புறணியைச் சேதப்படுத்தினால் பொருளை அடையாளம் காண்பது குலைகிறது என்று நிறுவிவிட்டார்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை, மூளையில் எதையும் வெட்டாமலே இதே விடையைத் தந்த ஒன்று. எலியின் பார்வை நரம்பிழைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து செல்கின்றன. எனவே இடக்கண் பார்ப்பது பெரும்பாலும் வலப்பக்க மூளைக்கும், வலக்கண் பார்ப்பது இடப்பக்க மூளைக்கும் போகிறது. பிரிஸ்டல் நகரில் பிரவுன் குழுவினர் இதைப் பயன்படுத்திக்கொண்டனர். எலி ஒரு சிறு துளையில் மூக்கை வைத்து நிற்கும். நிற்பதற்குக் கூலியாகச் சிறிது பழச்சாறு கிடைக்கும். தலைக்கு முன்னே ஒரு தடுப்பு, அதன் இருபுறமும் திரைகள். ஒரு கண்ணுக்குப் பலமுறை பார்த்துப் பழகிய படமும் மறு கண்ணுக்கு முன்பு காணாத படமும் ஒரே நேரத்தில் தோன்றும். ஒரே எலி, ஒரே விழிப்பு நிலை, ஒரே கணம். மாறுவது படத்தின் புதுமை மட்டுமே. பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக்கி, நரம்பணு மும்முரமாக வேலை செய்த பின் அதில் தோன்றும் ஃபாஸ் என்ற புரதத்தைக் கறையேற்றி எண்ணினார்கள். புதிய படத்தைப் பார்த்த பக்கத்தின் பெரிரைனல் புறணியில் ஃபாஸ் தோன்றிய அணுக்கள் அதிகம். ஹிப்போகாம்பஸிலோ இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை. 1999-இல் இதே குழு இன்னொரு படி போனது: படங்கள் எல்லாம் பழகியவை, ஆனால் அவை திரையில் அமைந்த ஒழுங்கு மட்டும் புதியது. இப்போது மாற்றம் தெரிந்தது ஹிப்போகாம்பஸில். பெரிரைனல் புறணியில் வேறுபாடு இல்லை. பொருளின் புதுமை ஓரிடத்தில், பொருள்களுக்கு இடையிலான உறவின் புதுமை வேறிடத்தில் என்ற பிரிவு இதைவிடத் தெளிவாகத் தெரிந்த சோதனை எதையும் நான் படித்ததில்லை.

வெட்டிப் பார்த்த சோதனைகளும் இதே திசையைக் காட்டின. 2004-இல் கேம்பிரிட்ஜில் வின்டர்ஸ், சக்சிடா, பஸ்ஸி முதலானோர், பெரிரைனல் சேதமுற்ற எலிகள் பொருளை அடையாளம் காணத் தவறி இடம் சார்ந்த சோதனையில் தேறியதையும், ஹிப்போகாம்பஸ் சேதமுற்ற எலிகள் இதற்கு நேர்மாறாக நடந்ததையும் ஒரே ஆய்வில் காட்டினர்.

ஆனால் எலியின் வாழ்க்கையில் பொருள் தனியாக வருவதில்லை. நான்கு மூலைகளிலும் நான்கு வெவ்வேறு பொருள்களை வைத்து எலியைப் பழக்கிவிட்டு, அடுத்த முறை இரண்டை மட்டும் இடம் மாற்றி வையுங்கள். எந்தப் பொருளும் புதியதன்று, எந்த இடமும் புதியதன்று; 'இந்தப் பொருள் இந்த இடத்தில்' என்ற சேர்க்கை மட்டும் புதியது. நலமான எலி இடம் மாறியவற்றையே நாடுகிறது. பார்க்கர், வார்பர்ட்டன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகாம்பஸ் சேதமுற்ற எலிகள் இதைச் செய்ய முடியாமல் போயின. இரண்டு பழைய பொருள்களில் எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் அவற்றால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் புதிய பொருளை மட்டும் கண்டறியும் சோதனையில் அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்து அவர்கள் செய்ததுதான் நுட்பம். ஒரு பக்க மூளையில் ஹிப்போகாம்பஸையும் எதிர்ப்பக்கத்தில் பெரிரைனல் புறணியையும் சேதப்படுத்தினார்கள். இரண்டுக்கும் மறுபக்கத்தில் ஒரு நலமான பிரதி இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கத்திலும் இரண்டும் சேர்ந்து வேலை செய்ய முடியாது. அந்த எலிகளும் தவறின. ஹிப்போகாம்பஸையும், நெற்றிக்குப் பின்னால் உள்ள நடு முன்நெற்றிப் புறணியையும் இப்படிப் பிரித்தாலும் அதே விளைவு. ஆகவே 'எந்தப் பகுதி' என்ற கேள்வியே இங்கு போதாது. மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் பொருளும் இடமும் காலமும் பிணைகின்றன. இவற்றுக்கு இடையே தகவலைக் கொண்டுசெல்லும் என்டோரைனல் புறணியிலும் வேலைப் பிரிவினை உண்டு. அதன் பக்கப் பகுதி பொருளைப் பற்றியும், நடுப்பகுதி வெளியைப் பற்றியும் கூடுதலாக அறிகிறது.

வாசனையைக் கொண்டு ஐக்கன்பாம் குழுவினர் 2004-இல் செய்த சோதனையையும் சொல்லியாக வேண்டும். எலிக்குப் பத்து வாசனைகளை ஒவ்வொன்றாக மணல் நிறைந்த கிண்ணங்களில் தந்து, அரை மணி நேரம் கழித்து அந்தப் பத்தோடு புதிய பத்தையும் கலந்து, எது பழையது, எது புதியது என்று தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். கிண்ணத்தின் உயரத்தையும் வெகுமதியின் அளவையும் மாற்றி, 'பழையது' என்று சொல்லும் துணிவை ஏற்றவும் இறக்கவும் செய்தபோது, சரியான விடைகளும் தவறான விடைகளும் ஒன்றுக்கொன்று எப்படி மாறுகின்றன என்பதை ஒரு வளைகோடாக வரைய முடிந்தது. நலமான எலிகளின் வளைகோடு, நினைவுகூரலும் பரிச்சயமும் சேர்ந்த மனிதரின் வளைகோட்டைப் போன்றே சமச்சீர் இல்லாமல் இருந்தது. ஹிப்போகாம்பஸ் சேதமுற்றவற்றின் கோடு சமச்சீராக மாறிவிட்டது. அதாவது பரிச்சயம் மட்டும் எஞ்சியது. எலி நிகழ்ச்சியை மனிதரைப் போல 'மனத்தில் மீண்டும் வாழ்கிறது' என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்; ஆனால் இரண்டு ஆற்றல்கள் என்ற கருத்துக்கு இது வலுவான சான்று.

எதிர்த் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளார்க், சோலா, ஸ்குவயர் ஆகியோர் 2000-இல், ஹிப்போகாம்பஸ் சேதமுற்ற எலிகள் இடைவெளி நீளும்போது பொருளை அடையாளம் காண்பதிலும் தவறுகின்றன என்று காட்டினர். சுண்டெலிகளில் ஸ்டாக்மன் குழுவினர் ஹிப்போகாம்பஸைத் தற்காலிகமாக முடக்கியபோதும் நினைவு குலைந்தது. இந்த முரணுக்குப் பல விளக்கங்கள் உண்டு: சேதத்தின் அளவு, முதல் சந்திப்பில் எலி பொருளை எவ்வளவு நேரம் ஆராய்ந்தது, பெட்டியின் வடிவம். திறந்த சதுரப் பெட்டியில் எலி பொருளை மட்டுமன்றி அறையையும் சேர்த்தே மனத்தில் பதிக்கிறது. வின்டர்ஸ் குழுவினர் உயர்ந்த சுவர்கள் கொண்ட ஒய் வடிவக் குறுகிய பாதையைப் பயன்படுத்தியது இதைத் தவிர்க்கத்தான். இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது, ஆனால் எல்லா முடிவுகளையும் இது ஒன்றே விளக்கிவிடுகிறது என்று சொல்ல முடியாது. மற்றொரு எலியை அடையாளம் காண்பது வேறு வழியில் நடக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு நகர்கிறேன்: 2014-இல் ஹிட்டி, சீகல்பாம் ஆகியோர், ஹிப்போகாம்பஸுக்குள் இருக்கும் சிஏ2 என்ற சிறு பகுதியை ஓய வைத்தால் சுண்டெலி முன்பு பழகிய சுண்டெலியை மறந்துவிடுகிறது என்று காட்டினர்.

பெரிரைனல் புறணி 'பார்த்தாயிற்று' என்ற குறிப்பை எப்படிப் பதிக்கிறது? அங்குள்ள நரம்பணுக்களில் ஏறத்தாழ கால் பங்கு, ஒரு பொருளை முதல்முறை காணும்போது வலுவாகத் துடிக்கின்றன, மறுமுறை காணும்போது துடிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. குரங்கிலும் எலியிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பழகியதற்குக் குறைந்த பதில், புதியதற்கு முழுப் பதில். இந்த வேறுபாடே நினைவின் அடையாளமாகிறது. நினைவு என்றால் நரம்பு இணைப்புகள் வலுப்படுவது என்றே பாடங்களில் படிக்கிறோம், இங்கோ அவை வலுக்குறைவதுதான் முக்கியமாகத் தெரிகிறது. 2008-இல் கிரிஃபித்ஸ் முதலானோர், இணைப்பின் மேற்பரப்பில் குளுட்டமேட் என்னும் வேதிச் செய்தியைப் பெறும் ஆம்பா வகை ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்கும் துண்டுப் புரதத்தை வைரஸ் வழியாகப் பெரிரைனல் அணுக்களில் செலுத்தினர். இணைப்புகள் வலுக்குறைய முடியாமல் போயின, எலிகளும் பொருள்களை அடையாளம் காண முடியாமல் போயின. அதே செய்தியைப் பெறும் மற்றொரு வகையான என்எம்டிஏ ஏற்பிகளை மருந்தால் அடைத்தால் ஐந்து நிமிட நினைவுக்குப் பாதகமில்லை, சில மணி நேர நினைவு மட்டும் பதியாமல் போகிறது. ஏற்கெனவே பதிந்ததை மீட்பதற்கு அந்த ஏற்பிகள் தேவைப்படவில்லை. ஆம்பா ஏற்பிகளோ பதிக்கவும் வேண்டும், மீட்கவும் வேண்டும்.

இந்தப் புறணி வெறும் நினைவுக் கிடங்கு என்று எண்ணிவிடக் கூடாது என்பதை 2010-இல் மக்டைக், சக்சிடா, பஸ்ஸி குழுவினரின் ஆய்வு எடுத்துக்காட்டியது. பெரிரைனல் சேதமுற்ற எலிகள் பழைய பொருளையும் புதியதைப் போல ஆராய்கின்றன, அதாவது மறந்துவிடுகின்றன என்றே அதுவரை எல்லோரும் கருதினர். புதியதையும் பழையதையும் தனித்தனியே காட்டி அளந்தபோது உண்மை தலைகீழாக இருந்தது: அந்த எலிகள் புதிய பொருளைப் பழையதாக நடத்தின, அருகே போய்ச் சிறிது முகர்ந்துவிட்டு அகன்றன. இடைவெளி நேரத்தை இருட்டில் கழிக்க விட்டபோது குறை நீங்கியது. பெரிரைனல் புறணி ஒரு பொருளின் நிறம், விளிம்பு, வடிவம் ஆகியவற்றை ஒரே முழுமையாகச் சேர்த்துத் தருகிறது. அது இல்லாதபோது எலியிடம் எஞ்சுவது உதிரி அம்சங்கள் மட்டுமே. கூண்டில் இருக்கும்போது கண்ணில் பட்ட எத்தனையோ பொருள்களில் அதே விளிம்புகளும் கோணங்களும் உண்டு. ஆகவே எதைப் பார்த்தாலும் கண்டது போலவே படுகிறது. அப்படியானால் காண்பதற்கும் நினைப்பதற்கும் இடையே நாம் போடும் கோடு மூளைக்குள் அவ்வளவு தெளிவாக இல்லை.

கடைசியாக, மனிதருக்கு என்ன பொருத்தம் என்று கேட்டீர்கள். ஹைக்கோ பிராக், ஈவா பிராக் ஆகியோர் 1991-இல், அல்சைமர் நோயின் நரம்பிழை முடிச்சுகள் மூளைப் புறணியில் முதலில் தோன்றுவது டிரான்ஸ்என்டோரைனல் பகுதியில் என்று வரையறுத்தனர். அந்தப் பகுதி மனிதரின் பெரிரைனல் புறணியின் உள்விளிம்போடு பெரும்பாலும் ஒன்றுபடுகிறது. ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்படுவது அதன் பிறகே. அல்சைமர் மருந்து ஆய்வுகளில் சுண்டெலிக்குப் புதிய பொருள் சோதனையை வைப்பதும் உண்டு. அப்படி ஒரு செய்தி உங்கள் கண்ணில் படும்போது, புதிய பொருளை மட்டும் வைத்தார்களா, பொருளின் இடத்தையும் மாற்றினார்களா, எத்தனை நேர இடைவெளி விட்டார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் புதிய பொருளைக் கண்டுகொண்ட சுண்டெலியின் ஹிப்போகாம்பஸ் நலமாக இருக்கிறதா என்பதைப் பற்றி அந்தச் சோதனை அநேகமாக எதுவும் சொல்லவில்லை.